லைன் கிளியர்

லாரி ஜாக்கியின் லிவர் இரண்டாம் முறை இறங்கியபோது சப்ஸ்டேஷன் ஆபரேட்டரின் வலக்கை விரல்கள் முறிந்த சத்தம் சின்னவனின் காதில் தெளிவாக விழுந்தது. காய்ந்த சுள்ளி ஒடிவதுபோல இருந்தது. முதல் அடி தோளில் பட்டுச் சுவரோடு சாய்ந்தவர், கீழே விழாமல் இருக்கச் சுவரில் கையை ஊன்றியிருந்தார். அந்தக் கையைக் குறிவைத்துத்தான் சின்னவன் அடித்தான். இந்தக் கைதானே சுவிட்சைப் போட்டது என்பதைத் தவிர வேறு நினைப்பே அவனுக்கு இல்லை.

ஆஸ்பத்திரிப் பிணவறைக்குப் பின்னால், ஆம்புலன்ஸ் வண்டிகளைக் கழுவுகிற சிமெண்டுத் தளம் அது. தரையில் சோப்பு நுரை இன்னும் வடிந்துகொண்டிருந்தது. நுரையில் ரத்தம் சொட்டியது. ஆபரேட்டர் தடுக்கவில்லை, ஓடவில்லை, கத்தவும் இல்லை. உடைந்த கையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அடுத்த அடிக்குக் காத்திருப்பவர்போலத் தலையைக் குனிந்து நின்றார். அதுதான் சின்னவனுக்கு இன்னும் வெறியேற்றியது. எதிர்த்து ஒரு அடி கொடுத்திருந்தாலாவது மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

லிவர் மறுபடி உயர்ந்தபோது பின்னாலிருந்து இரண்டு நீண்ட கைகள் அவனைச் சுற்றிப் பிடித்தன. அண்ணனுடைய லைன்மேன்களில் ஒருவன். வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம். அவன் சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை, எல்லோருக்கும் ஏணி. "இவன் இருக்கும்போது டவருக்குப் படி எதுக்குடா வச்சாங்க" என்று அண்ணனே கேலி செய்வார்.

"போதும்ணே, விடுங்க," என்று ஏணி அவன் காதருகில் சொன்னான். பிணவறைக் கதவு திறந்து, அண்ணனின் உடம்பை வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதனால்தான் அப்போது ஆபரேட்டர் பிழைத்தார்.

சின்னவனின் அண்ணன் உயரழுத்த மின்கம்பிகளைப் பார்வையிடும் இன்ஸ்பெக்டர். மனிதர் காலம் முழுக்க ஊருக்கு வெளியே, காடு மேடு பார்க்காமல், கம்பிக்குக் கீழேயே நடந்தார். டவருக்கு டவர் நின்று அண்ணாந்து பார்ப்பார். கம்பியைத் தாங்கும் பீங்கான் வட்டுகளில் விரிசல் இருக்கிறதா, அவற்றைப் பிணைக்கும் பின் கழன்றிருக்கிறதா, மரக்கிளை கம்பியை நெருங்குகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. சந்தேகம் வந்தால் தானே ஏறிவிடுவார். வீட்டில் சாப்பிடும்போதும் அந்தப் பழக்கம் போகவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே முகட்டைப் பார்ப்பார். "மேல என்ன, பல்லிக்கு பின் கழண்டுருச்சா?" என்று அண்ணி கேட்பாள்.

அந்த அண்ணனைத்தான் காலையில் சின்னவன் பார்த்தான். ஜல்லி இறக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. இறக்கி முடித்தும் முடிக்காமலும் லாரியோடு போய்ச் சேர்ந்தான். டவரின் குறுக்குக் கையிலிருந்து அண்ணன் இடுப்பு பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கினார். ஒரு பூட்ஸின் அடிப்பாகம் வெடித்துத் திறந்திருந்தது. அதிலிருந்து லேசாகப் புகை வந்துகொண்டிருந்தது. காற்று அடிக்கும்போதெல்லாம் உடம்பு இரும்பில் மோதிச் சத்தம் எழுப்பியது. மின்சாரத்தை நிறுத்தி, மிச்ச மின்சாரத்தைத் தரைக்கு இறக்குகிற எர்த் ராடைக் கம்பியில் மாட்டி முடிக்கும்வரை யாரும் மேலே ஏற முடியாது என்றார்கள். அதுவரை வெயிலில் அப்படியே தொங்கினார். வயலில் வேலை செய்தவர்களெல்லாம் வந்து அண்ணாந்து பார்த்தார்கள். "ஆள் மேல இருக்கறப்பவே கரண்டை விட்டுட்டாங்களாம்," என்று யாரோ சொன்னார்கள். சின்னவனின் மண்டைக்குள் போனது அந்த ஒன்றுதான். கோபம் கண்ணை மறைக்கும் என்பார்கள். அது காதையும் அடைத்துவிடும்.

லாரியைக் கிளீனர் பின்னால் ஓட்டிவர, ஆம்புலன்ஸ் வண்டியில் வீட்டுக்கு வரும்போது அண்ணனின் கால்மாட்டில் ஏணி உட்கார்ந்திருந்தான். இரண்டு மூன்று தடவை வாயைத் திறந்து மூடினான். கடைசியில், ஆபரேட்டர் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தான். இன்னொரு தடவை அந்த ஆளைப் பற்றிப் பேசினால் ஓடுகிற வண்டியிலிருந்து கீழே தள்ளிவிடுவதாகச் சின்னவன் சொன்னான். ஏணி துணி விலகிய அண்ணனின் காலை மூடிவிட்டுக் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

வீட்டு வாசலில் அதற்குள் கூட்டம் சேர்ந்திருந்தது. அண்ணியின் தம்பி, சின்னவனுக்கு மச்சான், முன்னால் நின்றான். மின்வாரிய ஆபீஸிலிருந்து மாலையோடு வந்த ஜீப்பின் கண்ணாடிகளை அவன் ஆட்கள் உடைத்திருந்தார்கள். மாலை தெருவில் மிதிபட்டுக் கிடந்தது. ஒரு அதிகாரி சட்டை கிழிந்து, பக்கத்துச் சந்தில் புகுந்து ஓடிவிட்டாராம். சாவு வீட்டில் அழத் தெரியாத ஆண்களுக்கு அடிப்பதற்கு ஒரு ஆள் தேவைப்படுகிறது. கிடைக்காவிட்டால் கண்ணாடியை உடைக்கிறார்கள்.

முன்னறையில் அண்ணனைக் கிடத்தினார்கள். கருகிய கையைத் துணிக்குள் மறைத்தார்கள். முகத்தின் ஒரு பக்கம் மட்டும் தெரியும்படி விட்டார்கள். அண்ணி அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து, நெற்றியில் ஒட்டியிருந்த கரித்தூளை எச்சில் தொட்டுத் துடைத்தாள். அழவில்லை. துடைக்கத் துடைக்க அது பரவிக்கொண்டே போனது.

அப்போதுதான் வெளியே சத்தம் கேட்டது. ஆபரேட்டர் தெருமுனையில் நிற்கிறாராம். கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, அடிவாங்கிய ஆஸ்பத்திரியிலேயே கட்டுப் போடாமல், பின்னாலேயே வந்திருக்கிறார்.

"சாகறதுக்குன்னே தேடி வந்திருக்கான் பாரு," என்றான் மச்சான்.

சின்னவன் வாசலுக்கு வருவதற்குள் அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துவந்து ஜீப் அருகே தள்ளியிருந்தார்கள். உடைந்த கண்ணாடித் துண்டுகளின்மேல் விழுந்தார். மச்சான் விலாவில் உதைத்தான். பிறகு ஒவ்வொருவராக உதைத்தார்கள். அவரை முன்பின் பார்த்திராதவர்களும் உதைத்தார்கள். தெருக்கோடிக் கடைக்காரர், நாள் தவறாமல் கோயில் விளக்கு ஏற்றுகிற மனிதர், செருப்பைக் கழற்றி அடித்தார். ஆபரேட்டர் உடைந்த கையை மட்டும் உடம்புக்கு அடியில் ஒளித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார்.

சின்னவன் லாரியின் படியில் ஏறி லிவரை எடுத்தான். இந்தத் தடவை எங்கே அடிக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தான். கூட்டம் அவனுக்கு வழிவிட்டது. வழி விட்டதும் அவனுக்கும் ஆபரேட்டரின் வழுக்கைத் தலைக்கும் நடுவில் யாரும் இல்லை. அந்தத் தலையில் வெயில் பட்டுப் பளபளத்தது.

லிவரை ஓங்கியபோது ஏணி பாய்ந்துவந்து ஆபரேட்டரின்மேல் குப்புற விழுந்தான். அத்தனை நீள உடம்பும் அவரை மூடிக்கொண்டது. தலையைத் திருப்பி, சின்னவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னான்.

"வாக்கிடாக்கியில இன்ஸ்பெக்டர்தான்ணே லைன் கிளியர்னாரு."

பிறகு மூச்சு விடாமல் மீதியையும் கொட்டினான். காலையில் ஆபரேட்டர் மின்சாரத்தை நிறுத்தி லைன் கிளியர் கொடுத்திருந்தார். அதாவது, கம்பியில் கரண்ட் இல்லை, ஆள் ஏறலாம் என்று. ஒரு டவரில் வேலையை முடித்து எர்த் ராடைக் கழற்றிவிட்டார்கள். அடுத்த டவரில் பின் கழன்றதுபோல் தெரிகிறது, பார்வைதான், இதற்கு எதற்கு எர்த் என்று அண்ணன் கிளம்பினார். ஏறுவதற்குமுன், கொடுத்த அனுமதி இன்னும் இருக்கிறதா என்று கேட்கத்தான் நினைத்தார். வாயில் வந்தது 'லைன் கிளியர்' மட்டும். வாக்கிடாக்கியின் இரைச்சலில் அது கேள்வியாகக் கேட்கவில்லை. வேலை முடிந்து ஆட்கள் இறங்கி, லைன் காலியாகிவிட்டது என்று தகவல் சொல்வதுபோல் கேட்டது. ஆபரேட்டர் 'கிளியர்' என்று பதில் சொன்னார். அண்ணன் ஏறினார். ஆபரேட்டர் சுவிட்சைப் போட்டார். 'ஆள் இறங்கியாச்சு, எர்த் எடுத்தாச்சு' என்று முழுசாகச் சொல்ல வேண்டும், அதை மறுமுனையில் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. அண்ணன் சொல்லவில்லை, ஆபரேட்டர் கேட்கவில்லை.

"ரெண்டு பேர் சொன்னதும் ஒரே வார்த்தைண்ணே," என்றான் ஏணி.

சின்னவன் லிவரை ஏணியின் முதுகில் இறக்கினான். செத்துக் கிடக்கிறவன்மேல் பழி போடுகிறாயா என்று கேட்டுக்கொண்டே இன்னொரு முறை இறக்கினான். ஏணி முனகினான், ஆனால் எழுந்திருக்கவில்லை. மச்சான் ஏணியின் காலைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். நீளமான கால். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது, உடம்பு மட்டும் நகரவில்லை. வேறொரு நாளாக இருந்தால் தெருவே சிரித்திருக்கும்.

"தள்ளுங்க," என்ற குரல் கேட்டுத் திரும்பினார்கள். அண்ணி வந்துகொண்டிருந்தாள். விரல்களில் கரி ஒட்டியிருந்தது. கண்ணாடித் துண்டுகளைப் பார்க்காமலே வெறுங்காலோடு நடந்துவந்து, ஆபரேட்டரின் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஏணி மெல்ல விலகினான். ஆபரேட்டர் எழுந்து உட்கார முயன்று, முடியாமல், ஜீப்பின் சக்கரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். உதடு கிழிந்து தொங்கியது.

"கடைசியா உங்ககிட்டதான் பேசியிருக்காரு," என்றாள் அண்ணி. "என்ன சொன்னாரு?"

ஆபரேட்டர் ஏணியைப் பார்த்தார். அந்தப் பார்வையில், சொல்லிவிடாதே என்பதுபோல ஒரு கெஞ்சல் இருந்ததைச் சின்னவன் கவனித்தான். பிணவறைக்குப் பின்னாலும் இதே பார்வைதான் ஏணியின் பக்கம் போனது. யாராவது காப்பாற்ற மாட்டார்களா என்று தேடுவதாக அப்போது நினைத்திருந்தான். இப்போது அவரைக் காப்பாற்றுவதற்கு அவரே போதும். நடந்ததை அப்படியே சொன்னால் முடிந்தது. கூட்டத்தில் பாதிப்பேராவது கையை இறக்கிவிடுவார்கள்.

"அவர் சரியாத்தான் சொன்னாரும்மா," என்றார் ஆபரேட்டர். வாயிலிருந்த ரத்தத்தை விழுங்கிக்கொண்டார். "நான்தான் சரியா கேட்டுக்கல."

அண்ணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்கிட்டயும் போன்ல அப்படித்தான் பேசுவாரு," என்றாள். "பாதியை முழுங்கிட்டு. மீதியை நாமதான் புரிஞ்சுக்கணும்."

ஆபரேட்டரின் முகம் அப்போதுதான் உடைந்தது. அத்தனை அடியிலும் வராத அழுகை வந்தது. சத்தமில்லாமல், விலா வலியில் நின்று நின்று, குழந்தை விக்குவதுபோல அழுதார். அண்ணி தன் முந்தானையால் அவர் உதட்டைத் துடைத்தாள். அவளுடைய விரல் பட்ட இடத்தில் அவர் கன்னத்திலும் கரி ஒட்டியது.

சின்னவன் நின்ற இடத்திலேயே நின்றான். ஒருவர் சாவுக்குத் துணிந்து ஒரு பொய் சொன்னால், அதற்குப் பின்னால் இருக்கிற உண்மை எது என்று தெரிந்துகொள்ளப் படிப்பு எதுவும் வேண்டியதில்லை. கடவுள் சில பேரை இப்படித்தான் நமக்கு முன்னால் கொண்டுவந்து உட்கார வைக்கிறார். நாம் அதற்குள் கையில் இரும்பை எடுத்துக்கொண்டுவிடுகிறோம்.

அவன் குனிந்து ஆபரேட்டரின் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினான்.

"டேய், என்ன பண்ற நீ?" மச்சான் அவன் காலரைப் பிடித்தான். "உங்கண்ணனைக் கொன்னவன்டா."

வழி விடச் சொன்னான் சின்னவன். மச்சான் அவன் முகத்தில் குத்தினான். மூக்கிலிருந்து ரத்தம் இறங்கி வாய்க்குள் போனது. இன்னொரு குத்து காதோரம் விழுந்தது. சின்னவனின் இரண்டு கைகளும் ஆபரேட்டரைத் தாங்கியிருந்தன. திருப்பி அடிப்பதென்றால் அவரைக் கீழே போட வேண்டும். அவன் போடவில்லை. மூன்றாவது குத்துக்கு ஓங்கிய மச்சானின் கையை அண்ணி பிடித்தாள். "வேணாம்டா," என்றாள். அவ்வளவுதான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் மச்சான் நடுத்தெருவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். மாமா, மாமா என்று அன்று முதல்முறையாக அழுதான்.

ஏணி முதுகைப் பிடித்துக்கொண்டே வந்து லாரிக் கதவைத் திறந்தான். இருவருமாக ஆபரேட்டரைக் கேபினில் ஏற்றி உட்காரவைத்தார்கள். அடிபட்ட உனக்கும் வைத்தியம் பார்க்க வேண்டும், ஏறு என்று சின்னவன் சொன்னான். ஏணி மாட்டேன் என்றான். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டு, குனிந்து, முன்னறைக்குள் நுழைந்தான்.

எடுக்கிற நேரத்தில் தம்பிக்காரன் எங்கே போகிறான் என்று பெரியவர்களில் ஒருவர் கேட்டார்.

"போயிட்டு வரட்டும்," என்றாள் அண்ணி. "அதுவரைக்கும் அவரு இருப்பாரு."

லாரி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியது. சரக்கில்லாத லாரி சின்னப் பள்ளத்துக்கும் துள்ளும். தெருமுனை திரும்பும்போதே ஆபரேட்டர் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் கம்பியை இடக்கையால் பற்றினார். வலக்கை மடியில் கிடந்தது. விரல்கள் வீங்கி, எது எந்தப் பக்கம் மடங்கும் என்று தெரியாதபடி ஆகியிருந்தன. சின்னவன் அதைப் பார்த்தான். பிறகு சாலையை மட்டும் பார்த்தான். இருக்கைக்குப் பின்னால் கிடந்த போர்வையை ஒரு கையால் இழுத்து, நாலாக மடித்து, அந்தக் கைக்கு அடியில் செருகினான்.

"சாவு வீட்டை விட்டுட்டு வந்துட்டீங்களே தம்பி," என்றார் ஆபரேட்டர்.

சின்னவன் பெரிய சாலைக்கு வந்தும் வேகம் எடுக்கவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் பிரேக்கை மெல்ல அழுத்தி, சக்கரங்களை ஒவ்வொன்றாக இறக்கி ஏற்றினான். பின்னால் பஸ்களும் கார்களும் சேர்ந்துகொண்டு ஓயாமல் ஹாரன் அடித்தன. ஒருவன் பக்கத்தில் வந்து, தூக்கமா என்று திட்டிவிட்டுப் போனான். சின்னவன் ரத்தம் காய்ந்த கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, முந்திப் போங்கள் என்று எல்லோருக்கும் காட்டிக்கொண்டே லாரியை ஓரமாக உருட்டிச் சென்றான்.