இந்த விலை பெறுமா?

பீரோவின் மேலிருந்து போர்வையை இழுத்தபோது அதன் பின்னால் கிடந்த நீளமான அட்டைப்பெட்டியும் சேர்ந்து சரிந்து வந்தது. மகள் முழங்கையால் அதைத் தடுத்துப் பிடித்தாள். ஏறி நின்ற நாற்காலி ஒரு ஆட்டம் ஆடி நின்றது.

"பாத்துடி! அது அப்பாவோடது" என்று கட்டிலருகே இருந்த அம்மா கத்தினாள். கத்திய பிறகுதான் கட்டிலில் கிடந்த அவருக்குக் கேட்டிருக்குமோ என்று திரும்பிப் பார்த்தாள். கேட்டிருக்காது. வலது காது போய்ப் பத்து வருடம். இடது காது, வேண்டாத பேச்சு கேட்காத அளவுக்கு மட்டும் கெட்டுப்போயிருக்கிறது என்று அம்மா கேலி செய்வாள். முந்தாநாள் முதல் அவர் பேசவும் இல்லை. இனி ஆஸ்பத்திரியில் வைத்திருந்து பயனில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று டாக்டர் சொல்லி ஐந்து நாள் ஆகிறது.

பெட்டியின் மேல் அச்சடித்திருந்த முத்திரை மகளுக்கு எழுத்தறியும் முன்பே தெரிந்த முத்திரை. ஊருக்கு வெளியே இருக்கும் கிடார் தொழிற்சாலையின் முத்திரை அது. அப்பா அங்கே முப்பத்தோரு வருடம் இருந்தார். நான்கு கனத்த கம்பிகள் கொண்ட பாஸ் கிடார்கள் பெட்டிக்குள் போவதற்கு முன் கடைசியாக அவர் கைக்கு வரும். அவர் சரி என்று சொல்லி, சீட்டில் தன் எண்ணை எழுதினால்தான் வெளியே போகும். அத்தனை வருடத்தில் ஒரு கிடாரைக்கூட அவர் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. "நாள் பூரா அதுங்க மூஞ்சியதான் பாக்கறேன், வீட்லயும் வேணுமா?" என்பார்.

"இது எப்ப வந்ததும்மா?"

"மூணு வருஷம் இருக்கும். தொடக்கூடாதுன்னாரு. நானும் தொடல. தூசி தட்டவும் இல்ல."

மூன்று வருடம் என்றதும் மகள் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். பெட்டியின் பின்பக்கம் கத்தியால் கோணலாகக் கிழித்து, பழுப்பு டேப்பால் ஒட்டியிருந்தது. அப்படிக் கிழிப்பது அவள் வழக்கம். எல்லோரும் முன்பக்கம் திறப்பார்கள். கேமராவுக்கு நன்றாகத் தெரியும் என்று அவள் எப்போதும் பின்பக்கத்தைக் கிழிப்பாள்.

அவள் பாஸ் கிடார் வாசிப்பவள். மேடை இல்லாத நாட்களில் ஒரு வீடியோ நிகழ்ச்சி நடத்துகிறாள். 'இந்த விலை பெறுமா?' என்பது அதன் பெயர். கடையில் கிடைக்கும் கிடாரை வாங்கி வந்து, வாசித்து, கழற்றி, பிரித்து மேய்ந்து, கடைசியில் ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்வாள். பெறும், அல்லது பெறாது. அப்பாவின் தொழிற்சாலைக் கிடாரைப் பார்வையாளர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு வருடம் தள்ளிப் போட்டாள். பிறகு, பயந்துகொண்டு தவிர்ப்பதும் ஒரு பொய்தானே என்று தோன்றி, கடையில் வெகுநாள் கிடந்த ஒன்றை வாங்கினாள். மூன்றாவது கம்பியில் பதினோராவது ஃப்ரெட்டில் விரலை அழுத்தினால் கம்பி கரகரத்தது. கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் அந்தச் சின்னப் பட்டைகளில் அடுத்தது மயிரிழை எழும்பி நின்றது. அவள் அதைக் காட்டினாள். அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"இத செக் பண்ணவருக்கு அன்னைக்கு எங்கயோ போற அவசரம் போல" என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு, பெறாது என்றாள்.

அதை நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். அப்பா பார்த்தாரா என்று அவளுக்குத் தெரியாது. அந்த வாரம் வீட்டுக்கு வந்தபோது, "சாப்டியா?" என்று கேட்டார். அதற்குப் பிறகும் மூன்று வருடமாகச் சாப்டியா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். கோபமாக இருந்தால் திட்டிவிடுங்கள் என்று சொல்ல ஒவ்வொரு முறையும் வாயெடுத்து, சாப்டேன்பா என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்புவாள். இப்போது அவர் அதையும் கேட்பதில்லை.

போர்வையைப் போர்த்திவிட்டு நிமிர்ந்தபோது வாசலில் செருப்பு விடும் சத்தம் கேட்டது. பெயிண்ட் மாமா வந்திருந்தார். தொழிற்சாலையில் வண்ணம் அடிக்கும் பிரிவில் இருந்தவர். அப்பாவோடு இருபது வருடம் ஒரே பஸ்ஸில் போய்வந்தவர். அவர் நகக்கண்ணில் இன்னும் ஏதோ ஒரு நீலம் மிச்சமிருந்தது. கட்டிலருகே சற்று நேரம் நின்றார். அப்பாவின் பாதத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சமையலறைப் பக்கம் வந்தார். மகள் டீ போட்டாள்.

"மாமா, பீரோ மேல ஒரு பெட்டி இருக்கு. உங்களுக்குத் தெரியுமா?"

அவர் டீயை ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார்.

"மாமா."

"தெரியாம என்ன. அத உன்கிட்டேருந்து வாங்கினவனே என் தங்கச்சி மகன்தான். நீ வித்துட்டு நிம்மதியா இருந்த. உங்கப்பா, சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கற மனுஷன், அவன அனுப்பி வாங்கினாரு."

"எதுக்கு?"

"உன் வீடியோ வந்த மறுநாள் மேனேஜர் குதிகுதின்னு குதிச்சாரு. உங்கப்பாவக் கூப்பிட்டு, உங்க பொண்ணுதானே, வேணும்னே ஃப்ரெட்ட நெம்பிட்டு வீடியோ போட்டிருக்கா, அப்பிடின்னு நீங்க எழுதிக் குடுங்கன்னாரு. நாலு வரி எழுதினா போதும். உங்கப்பா, பொருளப் பாக்காம எழுத மாட்டேன் சார்னுட்டாரு."

மகள் அடுப்பை அணைத்தாள். ஏற்கெனவே அணைத்துத்தான் இருந்தது.

"பெட்டி வந்த அன்னைக்கு என் வீட்லதான் வெச்சுப் பாத்தாரு. ஒரு தடவ இல்ல பாப்பா, மூணு தடவ. முடிச்சுட்டு, அவ சொன்னது சரின்னாரு. அவ்வளவுதான். மறுநாள் போயி அதையே மேனேஜர் முன்னாடி சொன்னாரு. என் பொண்ணு சொன்னது சரி, சீட்டுல இருக்கற பதினாலாம் நம்பர் நான்தான்னு."

"அப்பா பாஸ் பண்ணதா அது?"

"ஆமா. ஆனைக்கும் அடி சறுக்கும். ஏன்யா இப்பிடின்னு மேனேஜர் கேட்டாரு. கவனக்குறைவு சார்னாரு. அதுக்கு மேல வாயே தொறக்கல. என்கிட்டயும் சொல்லல. கடைசி ரெண்டு வருஷம் பேக்கிங்ல போட்டாங்க. பெட்டி மடிச்சாரு."

"முதுகு வலின்னு வேலைய மாத்திக்கிட்டேன்னு சொன்னாரே."

"அப்பிடித்தான் சொல்லச் சொன்னாரு. எங்க எல்லார்கிட்டயும்."

டீ டம்ளரை அவரே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் வருகிறேன் என்று போனார். மகள் சமையலறையிலேயே நின்றாள். வெட்கமாக இருந்தது. அதைவிட, மூன்று வருடம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட மனிதரிடம் ஒரு கேள்வி கேட்கத் துணியாத தன்மீது ஆத்திரமாக இருந்தது.

அம்மா குளிக்கப் போன நேரத்தில் பெட்டியை இறக்கி, பழைய டேப்பைப் பிய்த்து, கிடாரை வெளியே எடுத்தாள். கம்பிகளில் துரு இல்லை. யாரோ அவ்வப்போது எண்ணெய் தொட்டுத் துடைத்திருக்க வேண்டும். யாரோ என்ன, அவர்தான்.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "அப்பா" என்றாள். இடது காதருகே குனிந்து இன்னொரு முறை அழைத்தாள். இமை அசையவில்லை. நெஞ்சு மட்டும் விட்டுவிட்டு ஏறி இறங்கியது.

அப்போது அவளுக்குத் தொழிற்சாலையில் அப்பாவின் மேஜை ஞாபகம் வந்தது. சின்ன வயதில் ஒருமுறை அப்பாவின் இடத்தைப் பார்க்கப் போயிருந்தாள். நாலு பக்கமும் அறுக்கிற இரைச்சலும் தேய்க்கிற இரைச்சலும். அங்கே காதால் எதையும் கேட்க முடியாது. பரிசோதிப்பவர்கள் ஆறு பேரும் கிடாரின் உடலில் கொம்புபோல் நீண்டிருக்கும் மேல்கொம்பில் தாடையை ஊன்றிக்கொண்டு வாசிப்பார்கள். சத்தம் எலும்பு வழியாக உள்ளே போகும். நான்கு கம்பி, கம்பிக்கு இருபது ஃப்ரெட், மொத்தம் எண்பது தொடல். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பழுது இருந்தால் மேஜையை முட்டியால் இரண்டு தட்டு. பக்கத்தில் இருப்பவர் கிடாரை எடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவார். எல்லோரும் கிடாரைக் கட்டிக்கொண்டு தூங்குகிறார்கள் என்று அவள் அன்றைக்கு நினைத்தாள்.

கிடாரை மெதுவாகக் கட்டிலின்மேல் சாய்த்து, மேல்கொம்பை அப்பாவின் தாடையில் வைத்தாள். மூன்று நாள் தாடி அதில் உரசியது. தலையணையை ஒதுக்கி முகத்தைச் சரிசெய்தாள். முதல் கம்பி, முதல் ஃப்ரெட்டிலிருந்து தொடங்கினாள்.

அவசரப்படவில்லை. ஒவ்வொரு சுரமும் அடங்கிய பிறகே அடுத்ததுக்குப் போனாள். ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் பாஸ் கிடாருக்குச் சத்தமே இல்லை. அவளுக்கே பாதிதான் கேட்டது. முதல் கம்பி முடிந்தது. இரண்டாவது கம்பியின் நடுவில் அவருடைய மூச்சு கொஞ்சம் சீராவது போலிருந்தது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வலது கை கட்டில் சட்டத்தின்மேல் கிடந்தது.

மூன்றாவது கம்பி. எட்டு, ஒன்பது, பத்து. பதினொன்றுக்கு முன் அவள் விரல் நின்றது. தாண்டிப் போய்விடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். இந்த நிலையில் இருக்கிற மனிதருக்கு அதைப் போய் ஏன் கேட்க வைக்க வேண்டும்? ஆனால் எதிரே இருப்பது பதினாலாம் நம்பர். எழுபத்தொன்பதோடு நிறுத்தினால் அவருக்குத் தெரியும்.

அழுத்தி மீட்டினாள். கம்பி கரகரத்தது.

அப்பாவின் புருவத்துக்கு நடுவே மெல்லிய கோடு விழுந்தது. கட்டில் சட்டத்தின்மேல் இருந்த கை மடங்கியது. முட்டி எழும்பி மரத்தில் விழுந்தது. சற்று இடைவெளி விட்டு இன்னொரு முறை.

"யாருடி கதவத் தட்றது?" என்று குளியலறையிலிருந்து அம்மா கேட்டாள். ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தவள், நேரே போய் வாசல் கதவைத் திறந்தாள். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். "யாரையும் காணோமே" என்றாள்.

மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கை அதற்குப் பிறகு மடங்கவில்லை. இரண்டரை மணி வாக்கில், அம்மா உதட்டை நனைக்கக் கரண்டியை எடுத்து வருவதற்குள், மூச்சு நின்றது. பெயிண்ட் மாமா வந்தபோது கதவு திறந்தேதான் கிடந்தது.

மறுநாள் காலை எடுத்தார்கள். தொழிற்சாலையிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். பேக்கிங் பிரிவில் இருந்த பெண்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். மேனேஜர் ஒரு மாலையை அனுப்பியிருந்தார், அவர் வரவில்லை. தெரிந்தவர்களில் ஒருவர் மகளிடம், "நீங்கதானே அந்த வீடியோ" என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு நகர்ந்தார்.

எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் பெயிண்ட் மாமா வந்தார். துணியில் சுற்றி ஒரு சின்னச் சுத்தியலும் அரமும் கொண்டுவந்திருந்தார்.

"அந்தக் கிடார எடு பாப்பா. ஒரு தட்டு, ரெண்டு தேய்ப்பு. பத்து நிமிஷ வேலை. அவரே பண்ணியிருக்கலாம். ஏன் விட்டாருன்னுதான் தெரியல."

பெட்டியின் பின்பக்கக் கிழிசல் இந்த முறை முற்றிலும் பிய்ந்து போயிருந்ததால், மகள் அதைத் திருப்பி முன்பக்கத்தைத் திறந்தாள். அவள் ஒருபோதும் திறக்காத பக்கம். மூடியின் உள்ளே சீட்டு ஒட்டியிருந்தது. பரிசோதித்தவர்: 14. கீழே அப்பாவின் சாய்ந்த கையெழுத்தில் தேதி. அதன் பக்கத்தில் நேரம், நாலு ஐம்பது.

அந்தத் தேதியை அவள் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அன்றைக்குத்தான் அவள் முதல் முறையாக மேடை ஏறினாள். ஆறு மணிக்கு நிகழ்ச்சி. தொழிற்சாலை விடுவது ஐந்தரைக்கு. பஸ் பிடித்து வர ஒரு மணி நேரம் ஆகும். திரை விலகியபோது அப்பா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். காலரில் மரத்தூள் படிந்த வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்திருந்தார். நிகழ்ச்சி முடிந்ததும், "இந்தச் சட்டையோடவாப்பா வருவீங்க?" என்றுதான் அவள் முதலில் கேட்டாள்.

"நேரம் ஆயிடுச்சுமா" என்று அவர் சொன்னார்.

பெயிண்ட் மாமா சுத்தியலைத் துணியிலிருந்து எடுத்துவிட்டிருந்தார். "குடு பாப்பா."

"வேணாம் மாமா."

"என்ன வேணாம்? கரகரன்னு கேக்குமே."

"கேக்கட்டும் மாமா."

அவர் அவளைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். சுத்தியலைத் திரும்பத் துணியில் சுற்றத் தொடங்கினார். அம்மா தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றாள்.

"ஏண்டி, கெட்டுப்போன பொருளுன்னு நீதானே ஊருக்கே சொன்ன. அத எதுக்கு வெச்சுக்கற? அது அவ்வளவு பெறுமா?"

மகள் தரையில் உட்கார்ந்து கிடாரை மடியில் வைத்தாள். மேல்கொம்பில் தாடையை ஊன்றிக்கொண்டு, மூன்றாவது கம்பியில், பதினொன்றில் விரலை அழுத்தி மீட்டினாள். கரகரப்பு தாடை எலும்பு வழியாகக் காதுக்கு ஏறியது. அது முழுவதும் அடங்கும் வரை அவள் விரலை எடுக்கவில்லை.