சுற்றிச் சுற்றி வந்த கார்கள்

எங்கள் சாலையில் ஒரு மணி நேரத்தில் அறுநூறு வண்டிகளுக்கு மேல் போனால் புதுக் குடியிருப்புக்கு அனுமதி கிடையாது. நகரம் கண்டபடி வீங்கக் கூடாது என்று ஒரு விதி. குறைந்த வாடகையில் கட்டவிருந்த எண்பது வீடுகள் அந்த எண்ணிக்கையில் தொங்கிக்கொண்டிருந்தன. அதில் ஒன்றுக்கு நானும் மனுப் போட்டிருந்தேன். வண்டி எண்ணும் தற்காலிக வேலையும் எனக்கே கிடைத்தது. மனுப் போட்டிருக்கிறாயா என்று நகராட்சி ஆபீசில் யாரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

நாலு வருஷமாக நானும் மகளும் அதே சாலையில் அக்கா வீட்டுப் பின்னறையில் ஒண்டிக்கொண்டிருக்கிறோம். குடியிருப்பு வந்தால் நெரிசல் தாங்காது என்று தெருக்காரர்கள் எழுதிய எதிர்ப்பு மனுவில் முதல் கையெழுத்து அத்தானுடையது.

காலை எட்டு மணிக்கு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். கையில் எண்ணும் கருவி, வண்டிக்கு ஒரு அமுக்கு. ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் மூன்றாம் முறை கடந்தபோது எனக்கு மூக்கு வேர்த்துவிட்டது. பின்னாலேயே டாக்டர் மனைவி, அவளுக்கும் அது மூன்றாவது நடை. எண்ணிக்கையை ஏற்றிவிடச் சுற்றுகிறார்கள். அதற்குப் பிறகு தபால்காரரைக்கூட நான் நம்பவில்லை. காகிதத்தின் பின்பக்கம் வண்டி நம்பர்களைக் குறித்துக்கொண்டேன்.

அப்போது அக்கா வந்தாள். தனியாகக் கார் எடுக்கவே பயப்படுகிறவள், ஒன்பது தடவை போனாள். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. வீட்டு விலை இறங்கிவிடும் என்று அத்தான் ஏவிவிட்டிருக்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒன்பது மணிக்கு மொத்தம் அறுநூற்றுப் பதினொன்று. நம்பர்களை நகராட்சி எஞ்சினியரிடம் நீட்டினேன், அக்காவுடையதையும் சேர்த்து. எப்படி இவ்வளவு கவனம் என்று அவர் கேட்க, மனுப் போட்டதையும் சொல்ல வேண்டியதாயிற்று. நான் எண்ணியது செல்லாது, அடுத்த வாரம் வேறு ஆள் எண்ணுவார் என்றார். வேலையும் போனது.

வீட்டுக்கு வந்ததும் நேராகச் சமையலறைக்குப் போய், அத்தான்தானே அனுப்பினார் என்று கேட்டேன். அக்கா அடுப்பைச் சின்னதாக்கினாள்.

"அவருக்குத் தெரியாதுடி. நீயும் போயிட்டா நான் அந்த மனுஷனோட தனியா இருக்கணும். என்னால முடியாது."

பொய்யா என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். பொய் இல்லை. நாலு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் எனக்கு இது தெரியாமல் போனதே என்று வெட்கமாக இருந்தது.

மறுநாள் வீட்டு மனுக்கள் வாங்கும் கவுன்டருக்குப் போய், குடியிருப்போர் இரண்டு என்பதை மூன்றாக மாற்றச் சொன்னேன். கிளார்க் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"மூணாவது ஆள் திடீர்னு எங்கருந்து வந்தாங்க?"

"இவ்வளவு நாளா பக்கத்து ரூம்லதான் இருந்தாங்க."