இடைவெளி விட்ட வரிசை

புதுப் பள்ளியின் முதல் பிரேயரைப் பார்த்ததுமே ரஃபத் ஜஹானுக்கு என்னவோ போலிருந்தது. பிள்ளைகள் கூட்டமாக நிற்கவில்லை. நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் ஒற்றை வரிசைகளாக, மைதானத்தில் கட்டம் போட்டாற்போல நின்றார்கள். கட்டங்களுக்கு நடுவே காலி மண். ஒரு சின்னவளின் கைக்குட்டை காற்றில் பறந்து அதில் விழுந்தது. எட்டி எடுக்கிற தூரம்தான். அவள் எடுக்கவில்லை.

குடியாத்தத்தில் பல வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் ரஃபத். பிரின்சிபால் நாற்காலி இதுதான் முதல். முன்பு இருந்தவர் ஏன் வருஷத்தின் நடுவே போனார் என்று கேட்டால், ஆம்பூரில் ஆளாளுக்கு வேறு பேச்சு எடுத்தார்கள். பள்ளியின் தாளாளர் தௌசீப் அகமது மட்டும், அவருக்குப் பசங்களை அடக்கத் தெரியவில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். தனக்கு மட்டும் தெரியுமா என்ற சந்தேகம் அன்றிலிருந்து அவளைத் தின்றுகொண்டிருந்தது.

அதனால் மைக்கைப் பிடித்து, இடைவெளியை மூடி நெருங்கி நிற்கச் சொன்னாள். யாரும் அசையவில்லை. மறுபடியும் சொன்னாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பி.டி. சார் செந்தில்குமார் பக்கத்தில் வந்து, “அது அப்டியே பழக்கம் மேடம், விட்டுடுங்க” என்றார். விட்டால் இனி இந்த மைதானத்தில் தன் சொல் எடுபடாது என்று அவளுக்குத் தோன்றியது.

படியிறங்கினாள். எல்லோரும் பார்க்க, காலி மண்ணில் நேராக நடந்தாள். நாலைந்து எட்டு வைத்ததும் செருப்புக்கடியில் சத்தம் மாறியது. காலிப் பீப்பாயைத் தட்டினாற்போல ஒரு ஒலி. நின்றால் பயந்த மாதிரி ஆகும் என்று நிற்காமல் கடைசிவரை போய்த் திரும்பினாள்.

“பாத்தீங்களா? ஒண்ணும் இல்ல. வாங்க.”

ஆறாம் வகுப்பின் முதல் பெண் ஒரு காலை எடுத்து வைத்தாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர். அதற்குள் மணி அடித்துவிட்டது.

அறைக்கு வந்ததும் செந்தில்குமாரைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவர் கதவைச் சாத்திவிட்டுத்தான் சொன்னார். இந்த இடம் முன்பு தோல் பதனிடும் டேனரி. மைதானம் முழுக்கச் சுண்ணாம்புக் குழிகள். தோலை ஊறப்போட வெட்டியவை, ஆள் ஆழம். டேனரியை மூடியபோது குழிகளைத் தூர்க்காமல், மேலே மரப்பலகை போட்டு மண்ணைத் தள்ளிவிட்டார்கள். பிள்ளைகளில் பாதிப் பேரின் அப்பாமார் ஊரின் மற்ற டேனரிகளில் வேலை செய்கிறவர்கள். குழிக்கும் குழிக்கும் நடுவே இருக்கும் கரைமேல்தான் கால் வைக்க வேண்டும் என்பது அந்த வீடுகளில் தவழும்போதே வந்துவிடுகிற பழக்கம். பெரிய வகுப்பு நிற்கிற இடத்தில் சின்ன வகுப்பு நின்று நின்று, இந்த வரிசை வந்துவிட்டது.

“போன மழையில ஒரு மூலை உள்ள போய்ட்டுது மேடம். நல்லவேளை லீவு நாள். பழைய பிரின்சிபால் எல்லாத்தையும் தோண்டித் தூர்க்கணும்னு நின்னாரு. அதான் அனுப்பிட்டாங்க.”

அவள் உடனே தாளாளருக்குப் போன் செய்தாள். மைதானத்தை மூட வேண்டும் என்று அவள் ஆரம்பிப்பதற்குள் அவர் குரல் குழைந்தது.

“நீங்களே நடந்து காட்டினீங்களாமே மேடம். ரொம்ப நல்ல காரியம். இத்தனை வருஷமா பசங்க மனசுல இருந்த பயத்த ஒரே நாள்ல எடுத்துட்டீங்க. ஆண்டு விழா முடியட்டும், மத்ததப் பேசிக்கலாம். ஜாஸ்தி யோசிக்காதீங்க.”

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. விடிந்த பிறகுதான் விட்டது. இனி பிரேயர் வகுப்பறையிலேயே என்று அறிவித்துவிட வேண்டும், வேலை போனாலும் போகட்டும் என்று ரஃபத் குடியாத்தத்து வீட்டிலிருந்து சீக்கிரமே கிளம்பினாள். மாதனூர் அருகே ஒரு லாரி ரோட்டை மறித்துக் கிடந்தது. அவள் கேட்டை நெருங்கும்போது மைக் சத்தம் கேட்டது.

தாளாளரே வராந்தாவில் நின்று பேசிக்கொண்டிருந்தார். கீழே மைதானத்தில் பிள்ளைகள் தோளோடு தோள் உரசி நின்றார்கள். இடைவெளியே இல்லை. செந்தில்குமார் அவளை நோக்கி வேகமாக வந்தார்.

“நான் வேணாம்னேன் மேடம். பசங்க கேக்கல. பிரின்சிபால் மேடமே நடந்தாங்களே சார், உங்களுக்கு இன்னா பயம்னு என்னையே கிண்டல் பண்றாங்க.”

கத்தலாம் என்று வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள். கத்தினால் ஓடுவார்கள். எந்த இடம் கரை, எந்த இடம் குழி? ஈர மண் எல்லா இடத்திலும் ஒரே நிறமாக இருந்தது. குழி எங்கே என்று காட்ட அந்தப் பள்ளியில் இருந்த ஒரே அடையாளம் அந்த வரிசை. அதை அவள் நேற்றுக் காலை கலைத்துவிட்டாள்.

சுவரோரமாகவே நடந்து வராந்தாவில் ஏறினாள். தாளாளர் புன்னகையோடு பிள்ளைகளுக்கு அவளைக் காட்டினார். அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். பிடுங்கினாள் என்றே சொல்லலாம்.

“யாரும் ஓடாதீங்க. நேத்து நான் சொன்னது தப்பு. உங்க அப்பா டேனரியில எப்படி நடப்பாங்களோ, அப்படி ஒவ்வொருத்தரா வெளிய வாங்க.”

சிரிப்பு நின்றது. அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் குனிந்து காலடியைப் பார்த்தன. யாரும் முதல் அடியை எடுத்து வைக்கவில்லை. நடுவில் எங்கோ பலகை ஒன்று மெல்ல முனகியது.