திரையில் பழைய டோஸ்

"எல்லாத்துக்கும் அந்த அப்கிரேடுதான் காரணம்" என்று வாய்ப்பந்தலார் திரும்பத் திரும்பச் சொன்னபோது, கையிலிருந்த மவுஸை அவர் தலையிலேயே போடலாம் போலிருந்தது. எங்கள் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவு மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் அது. டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்கிறவள் நான். ஞாயிற்றுக்கிழமை அதைப் புது வெர்ஷனுக்கு மாற்றியதும் நான்தான்.

திங்கள் காலை வார்டிலிருந்து தலைமை நர்ஸ் போனில் கத்தினார். "டாக்டர் நேத்து மாத்தின டோஸைக் காணோம். போன மாசத்து டோஸைக் காட்டுது. நல்லவேளை, ஊசி போடுறதுக்கு முன்னாடி கவனிச்சோம்!"

"பழைய வெர்ஷனுக்கே போயிடலாம். மத்தியானத்துக்குள்ள முடிங்க" என்றார் வாய்ப்பந்தலார்.

"முதல்ல ஏன்னு பார்க்கிறேன் சார்."

பார்த்தேன். தலையில் அடித்துக்கொண்டேன். வார்டுத் திரை, நோயாளியின் டோஸ்களையெல்லாம் கேட்டு, முதலில் வருவதை எடுத்துக் காட்டுகிறது. எந்த வரிசையில் வேண்டும் என்று கேட்கவே இல்லை! கேட்காவிட்டால் டேட்டாபேஸ் தன் இஷ்டத்துக்குத்தான் தரும். இத்தனை காலம் புதிய டோஸ் முதலில் வந்ததெல்லாம் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

அப்போதுதான் பகீரென்றது. அப்படியானால் பழைய வெர்ஷனிலும் என்றாவது தவறியிருக்குமே!

என் நாத்தனார் இதே வார்டில் நர்ஸாக இருந்தாள். போன வருடம் ஒருவருக்குப் பழைய டோஸைப் போட்டுவிட்டாள். நோயாளி பிழைத்துக்கொண்டார், அவள் வேலை பிழைக்கவில்லை. "ஸ்கிரீன்ல அப்படித்தான் இருந்துச்சு" என்று அழுதாள். நான் எத்தனையோ தடவை அந்தத் திரையைப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் சரியாகவே வந்து தொலைந்தது. கம்ப்யூட்டரில் பிழையில்லை என்று வாய்ப்பந்தலார் எழுதிக் கொடுத்தார். அவளுடைய கூடப்பிறந்த அண்ணன், என் வீட்டுக்காரர், "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?" என்று அவள் முகத்துக்கு நேராகவே கேட்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அன்றிலிருந்து அவள் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

திரை கேட்கும் கேள்வியில் "தேதிப்படி, புதியது முதலில்" என்று ஒரு வரி சேர்த்தேன். வார்டில் டோஸ் சரியானது. பிறகு, அவள் ஊசி போட்ட நாளின் பேக்கப்பை, பழைய வெர்ஷன், பழைய திரையோடு தனிக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அந்த நோயாளியைத் திறந்தேன். பழைய டோஸ் வந்து நின்றது! முந்தின நாள் டேட்டாபேஸில் டோஸ் பதிவுகள் இருக்கும் டேபிளைச் சுத்தம் செய்ததில் வரிசை கலைந்திருக்கிறது. மறுநாள் திரும்ப அடுக்கியதும் சரியாகியிருக்கிறது. நான் சோதித்தது அதற்கப்புறம்.

வாய்ப்பந்தலார் பின்னால் வந்து நின்றார். முகம் வெளுத்துவிட்டது.

"அதான் சரியாயிடுச்சே மேடம். பழசை ஏன் கிளறுறீங்க?"

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பார்க்கிறீங்களா? ஒருத்தி வாழ்க்கை சார் அது!"

பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அவர் கண்ணெதிரிலேயே திரையைப் படமெடுத்துத் தலைமை டாக்டருக்கு அனுப்பினேன்.

நாத்தனாருக்குப் போன் போட்டேன். இப்போது துணிக்கடையில் பில் போடுகிறாள்.

"நீ சொன்னது உண்மைம்மா. ஸ்கிரீன் தப்பாத்தான் காட்டியிருக்கு. ஆதாரத்தைப் பெரிய டாக்டருக்கே அனுப்பிட்டேன்."

மூக்கை உறிஞ்சினாள்.

"நீங்க நம்புனீங்க அண்ணி, அது எனக்குத் தெரியும்" என்றாள். "இதை உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுங்க."

அண்ணன் என்று அவள் சொல்லவில்லை. போனை வைத்தேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. வீட்டுக்காரர் நம்பரைப் போட்டேன்.