எட்டாம் மாதத்துப் பால்

எனக்குப் பொறாமைதான். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. என் ஓர்ப்படி கவிதாவின் குழந்தைக்காக வீடே விரதம் இருந்தது. என் குழந்தையை மட்டும் இன்றோ நாளையோ கிளம்பிவிடப் போகிற விருந்தாளி போல எல்லோரும் எட்ட நின்று பார்த்தார்கள். பெற்றவளுக்கு எரியாமல் என்ன செய்யும்?

கல்யாணமாகி ஆறு வருடம் காத்திருந்து எனக்கு வயிற்றில் தங்கியது. என் கொழுந்தன் பிரசாந்தைக் கட்டிக்கொண்டு வந்த சூட்டோடு, அடுத்த மாதமே கவிதாவுக்கும் தங்கிவிட்டது. ஒரே வீட்டில் இரண்டு தூளி கட்டலாம் என்று சிரித்து வைத்தேன். எனக்கென்று இரண்டு மாதமாவது விட்டு வைத்தாளா என்று உள்ளே கடுத்தது. அப்புறம் என்ன, ஏழாம் மாதத்திலேயே அவளுக்குப் பனிக்குடம் உடைந்து குழந்தை பிறந்துவிட்டது. அதே வாரத்தில் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறி, கால் இரண்டும் வீங்கி, வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். எனக்கு எட்டாம் மாதம். இரண்டும் பெண் குழந்தைகள், அதனால் ஆணா பெண்ணா என்கிற வழக்கமான சண்டைக்கு இடமில்லை.

ஆனால் எங்கள் பக்கத்தில் இன்னொரு கணக்கு இருக்கிறது. ஏழாம் மாதத்தில் பிறந்தது தங்கிவிடும், எட்டாம் மாதத்தில் பிறந்தது தங்காது என்பார்கள். யார் போட்ட கணக்கோ, எந்த மகராசி எண்ணிப் பார்த்தாளோ தெரியாது. என் மாமியார் குஞ்சம்மாளுக்கு அது கோர்ட்டுத் தீர்ப்பு மாதிரி. ஆபரேஷன் முடிந்து கால் மரமரப்புகூட எனக்குப் போகவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து தலையைத் தடவினார். ரொம்ப ஆசை வைக்காதே என்றார். ஆறுதல் சொல்கிறாராம்.

செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில் இருக்கிற குழந்தைகள் ஆஸ்பத்திரியில்தான் இரண்டு குழந்தைகளும் இருந்தன. மாடியில் கண்ணாடி போட்ட உள் அறையில் கவிதாவின் குழந்தை. ஒரு கிலோகூடத் தேறாது. தொண்டைக்குள் குழாய் விட்டு, மிஷின் அதற்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. வெளி அறையில் நான். என் குழந்தைக்குத் தானாக மூச்சு விட வந்தது, சூடுதான் நிற்கவில்லை. அதனால் தொப்பியும் அரைத்துணியும் மட்டும் போட்டு, என் வெற்று மார்போடு மார்பாக நிமிர்த்தி வைத்து, மேலே துணியால் கட்டிவிட்டிருந்தார்கள். கங்காரு முறை என்று சொன்னார்கள். நாள் முழுக்க யாராவது இப்படி வைத்திருக்க வேண்டும், தையல் போட்ட வயிற்றோடு நீ ஒருத்தியே எப்படித் தாங்குவாய், அப்பா மார்பும் சூடாகத்தான் இருக்கும் என்று நர்ஸ் கலைச்செல்வி சொன்னார்.

அப்பா வந்தார், போனார். என் வீட்டுக்காரர் வெற்றிவேலுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு சாக்கு இருந்தது. ஒருநாள் வண்டியில் வந்த வியர்வை, ஒருநாள் இருமல், இன்னொரு நாள் மோட்டார் ரிப்பேர். அவர் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. மார்பில் போட்டுக்கொண்டால் ஆசை வந்துவிடும், ஆசை வந்தபிறகு போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்தார். புரிந்ததே ஒழிய, பொறுக்கவில்லை. அதே மனிதர் தம்பி குழந்தையின் கண்ணாடி மேல் நெற்றியை ஒட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பார் தெரியுமா?

அமாவாசை அன்று மாமியார் அந்தக் கூட்டத்தில் இடிபட்டு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய்வந்தார். கொண்டுவந்த குங்குமத்தை அந்தக் கண்ணாடியில் ஒரு பொட்டு வைத்தார். கவிதா நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார். மீதியை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். பிரசாந்த் போனில் யாரிடமோ பெயர்ப் பொருத்தம் கேட்டுக்கொண்டிருந்தான். என் குழந்தைக்குப் பெயர் வைக்கிற பேச்சை ஒருவரும் எடுக்கவில்லை.

டாக்டர் வந்தபோது நான் நேராகவே கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். கணக்கே தலைகீழ் என்றார். வயிற்றுக்குள் எத்தனை வாரம் கூட இருக்கிறதோ அத்தனைக்கு நுரையீரல் முற்றும், பிழைக்கிற வாய்ப்பும் கூடும், உங்கள் குழந்தையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, உள் அறையில் இருப்பதைத்தான் பார்த்துப் பார்த்துக் கொண்டுவர வேண்டும் என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் அடிக்க வருவீர்கள். காந்தி பஜார் முழுக்கக் கத்திக்கொண்டு ஓடலாம் போல இருந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். மாமியாரிடம் சொன்னேன். டாக்டர் மனசு நோகாமல் பேசுகிறவர் என்று மாமியார் முடித்துவிட்டார். வீட்டுக்காரர் மறுபடி அந்தக் கண்ணாடிப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

சரி, கவிதாவிடமே சொல்லிவிடுகிறேன் என்று முடிவு செய்தேன். அவள் வயிறும் கொஞ்சம் எரியட்டும்.

அதற்குள் பால் பிரச்சினை வந்தது. அந்தப் பிஞ்சுக் குடலுக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் ஒத்துக்கொள்ளாது என்றார்கள். கவிதாவுக்கு எவ்வளவு பிழிந்தும் நாலு சொட்டுக்கு மேல் வரவில்லை. எனக்கோ நைட்டி நனைகிற அளவுக்கு ஊறியது. என் ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கிறது, டாக்டரும் சம்மதித்துவிட்டார், கொடுக்கிறாயா என்று கலைச்செல்வி கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் குறுக்கே வந்துவிட்டார். எட்டாம் மாதத்துப் பால் ஏழாம் மாதப் பிள்ளைக்கு ஆகாதாம், தோஷமாம். என் உடம்பில் ஊறுகிற பாலுக்குக்கூட மாதம் பார்க்கிறார். கெஞ்சினாலும் ஒரு சொட்டு கிடையாது என்று நானும் சொல்லிவிட்டேன்.

மறுநாள் மதியம் மாமியார் சாப்பிடக் கீழே போன நேரம் பார்த்து, கவிதா பக்கத்து அறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் சொல்ல வேண்டியதை எல்லாம் நாக்கு நுனியில் வைத்திருந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"எம் புள்ளைக்குப் பால் குடுக்கா."

"எட்டாம் மாசத்துப் பாலு. ஆகாதாமே?"

"டாக்டரு மொத நாளே எங்கிட்ட சொல்லிட்டாருக்கா. எது தங்கும், எதுக்குக் கஷ்டம்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சிக்கினுதான் அத்தை சொல்றதுக்கெல்லாம் தலையாட்டினு இருந்தியா?"

"பொழச்சிக்கும்னு அவங்க ஒருத்தங்கதான சொன்னாங்க? டாக்டரு பாக்கலாம், பாக்கலாம்னுதான் சொல்றாரு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உன் புள்ள அழுவுதுக்கா. நான் அதக் கேட்டுக்கினே படுத்திருக்கேன். எம் புள்ள இன்னும் ஒரு சத்தம்கூடப் போடல. உன்னப் பாத்தா எனக்கு அப்பிடி வயிறு எரியுது."

நான் சொல்ல நினைத்ததை எல்லாம் அவள் பிடுங்கிக்கொண்டாள். இந்த ஆஸ்பத்திரியில் எரிகிற வயிறு என்னுடையது ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். என் குழந்தை பசித்து வீறிடும்போதெல்லாம் நான் எரிச்சல்பட்டிருக்கிறேன். அந்தச் சத்தத்துக்கு ஒருத்தி சுவருக்கு அந்தப் பக்கம் ஏங்கிக் கிடந்தாள்.

கலைச்செல்வியைக் கூப்பிட்டு, கிண்ணம் கேட்டேன். மார்பில் குழந்தையைக் கட்டிக்கொண்டு பால் பிழிய முடியாது, இறக்கிப் படுக்க வைத்தால் சூடு இறங்கிவிடும். அந்த நேரம் பார்த்துச் சோற்றுக் கேரியரோடு என் வீட்டுக்காரர் உள்ளே நுழைந்தார்.

"சட்டையக் கழட்டுங்க" என்றேன்.

அவர் கேரியரைக் கீழே வைத்தார்.

"உங்க தம்பி புள்ளைக்குப் பால் குடுக்கப்போறேன். அதுவரிக்கும் எம் புள்ளய யார் வச்சிக்குவா? நீங்க வச்சிக்கினா பாலு. இல்லன்னா இல்ல."

தம்பி குழந்தைக்கு என்றதும் சட்டையைக் கழற்றினார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பல்லைப் பிடுங்கக் கூட்டிப்போனவர் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தார். கலைச்செல்வி குழந்தையை என்னிடமிருந்து அவிழ்த்து அவர் மார்பில் வைத்துக் கட்டினார். மனிதர் மூச்சே விடவில்லை. குழந்தை இரண்டு தரம் நெளிந்தது, ஒரு தும்மல் போட்டது, கன்னத்தை அவர் மார்பில் அழுத்திக்கொண்டு தூங்கிவிட்டது. அவர் கை தானாக எழுந்து அதன் முதுகை மூடிக்கொண்டது. பிறகு தலையைக் குனிந்து, ஓசையே இல்லாமல் அழ ஆரம்பித்தார்.

அப்போது மாமியார் படியேறி வந்து நின்று எல்லாவற்றையும் பார்த்தார். நான் பதில் தயாராக வைத்திருந்தேன், தேவைப்படவில்லை. எம் புள்ளைக்கு நான்தான் கேட்டேன் என்று கவிதா சொல்லிவிட்டாள். மாமியார் மகன் அழுவதைப் பார்த்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

கவிதா என் பக்கத்தில் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கண் மட்டும் அவர் மார்பில் தூங்குகிற குழந்தை மேலேயே இருந்தது. அவள் குழந்தையை மிஷினை விட்டு யாரும் தூக்க முடியாது. பெற்றவள் விரலால் தொட்டதோடு சரி. என்னைப் பார்த்து இவள் பொறாமைப்பட வேண்டும் என்று எத்தனை நாள் ஆசைப்பட்டேன். இதோ கண்ணுக்கு நேராகப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அது இனிக்கவில்லை.

"அந்தப் பக்கம் பாக்காத. இப்பிடித் திரும்பி உக்காரு" என்றேன்.

"இல்லக்கா, பாக்கறேன்" என்றாள். "எப்பிடிப் புடிக்கணும்னு தெரிஞ்சி வச்சிக்கணும் இல்ல?"

அந்த நெஞ்சுரம் எனக்கு வராது. அதற்கும் பொறாமைப்பட்டுக்கொண்டே பிழிந்தேன்.