பேச்சியம்மாளின் கதவு

இது எனக்கு நடந்ததல்ல. அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருக்கும் இந்துமதி, சாப்பாட்டு இடைவேளைகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னது. அவர் சொல்லாத எதையும் சேர்க்காமல் இருக்க முயன்றிருக்கிறேன்.

மேலக்கரிசல்பட்டியில் வீடு வாங்குகிறவர்கள் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பதில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு, உரிமை இருக்கக்கூடியவர்களை அழைத்துக் கதவைத் தள்ளச் சொல்கிறார்கள். உரிமை உள்ளவர் கை பட்டால் பூட்டு திறந்துகொள்ளும். தலையாரி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குறித்துக்கொள்வார்.

இந்துமதியின் அப்பாவும் அம்மாவும் அதுவரை பதினொரு வாடகை வீடுகள் மாறியிருந்தார்கள். பதினொன்றாவதையும் மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். சௌந்தரபாண்டியன் என்பவர் விற்க வந்த வீடு அவர்களுக்குப் பிடித்திருந்தது.

தள்ளும் நாளன்று முதலில் சௌந்தரபாண்டியன் தள்ளினார். திறந்தது. மறுபடி பூட்டினார்கள். அவருடைய தம்பிகள் இருவரும் ஏற்கெனவே தங்கள் பங்கு வேண்டாமென்று விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்ததால் அவர்களுக்குத் திறக்கவில்லை. வாடகைக்கு இருந்த தையல்காரர் தள்ளியபோது சமையலறை ஜன்னல் மட்டும் திறந்தது. பதினொரு மாத ஒப்பந்தத்துக்கு அது சரியான அளவுதான் என்று தலையாரி எழுதிக்கொண்டார்.

எல்லோரும் டீ குடித்தார்கள். அண்ணாச்சிக்கு அக்கா தங்கை உண்டா என்று இந்துமதி கேட்டார். ஒரு தங்கை சிவகிரியில் இருப்பதாகவும், நகை போட்டுக் கட்டிக்கொடுத்துவிட்டதால் கூப்பிட வேண்டியதில்லை என்றும் சௌந்தரபாண்டியன் சொன்னார்.

அம்மா மகளின் முழங்கையைக் கிள்ளினார். “வாய வச்சிக்கிட்டு சும்மா இரு. வீடு கைய விட்டுப் போயிரும்.”

அன்று மதியமே இந்துமதி சிவகிரிக்கு பஸ் ஏறினார். அவர் வீட்டிலும் என் வீட்டிலும் முதலில் பட்டம் வாங்கியவர்கள் நாங்கள்தான். எதையாவது கேட்காமல் விட்டுவிட்டோமோ என்ற பயம் எனக்கும் உண்டு.

மறுநாள் காலை தங்கை பேச்சியம்மாள் வந்தார். விரல் பட்டதும் பூட்டு கழன்று படியில் விழுந்தது. உள்ளே போய் ஒவ்வொரு அறையாகப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

“எனக்கு வீடு வேண்டாம் தாயி. இருபத்தாறு வருசத்துல ஒரு நாளு இந்த வாசலுக்குக் கூப்பிட்டானான்னு உங்க அண்ணாச்சிகிட்ட கேளு.”

சௌந்தரபாண்டியன் பத்திரத்தை எடுத்து நீட்டினார். பேச்சியம்மாள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுபடி பூட்டிய கதவைத் தள்ளினார். திறந்தது. பெருவிரல் ரேகையும் வைத்துவிட்டுத் தள்ளினார். அப்போதும் திறந்தது.

“காயிதத்துல விட்டுட்டிய. மனசுல விடல” என்றார் தலையாரி.

இந்துமதி கொஞ்சம் யோசித்தார். “அப்ப கதவ மட்டும் நீங்களே வச்சிக்கிடுதீங்களா, அத்தை?”

பேச்சியம்மாள் தலையசைத்தார். கதவு நீங்கலாகப் பத்திரம் எழுதினார்கள். மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்பு இந்துமதியின் குடும்பம் பின்வாசல் வழியாகக் குடிபோனது. இன்றுவரை அந்த வழியைத்தான் புழங்குகிறார்கள். வேறு யார் வந்து தள்ளியும் வீடு திறக்கவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் சௌந்தரபாண்டியன் சிவகிரிக்குப் போய்த் தங்கையை அழைத்து வருகிறார். பேச்சியம்மாள் தன் கதவுக்கு மஞ்சள் பூசிவிட்டுப் போகிறார்.

எல்லை விவரம் இந்துமதிக்குச் சரியாக நினைவில்லை. அதனால் சென்ற மாதம் நானே மனுப் போட்டுப் பத்திர நகல் வாங்கிப் பார்த்தேன். வீட்டுக்குக் கிழக்கெல்லை, பேச்சியம்மாளின் கதவு. கதவுக்குத் தனிப் பட்டா இருக்கிறது. வகைப்பாடு நஞ்சை, இருபோகம். இந்த ஆண்டின் முதல் போகம் பொங்கலன்றே அறுத்தாகிவிட்டது.