மெயின் சுவிட்ச்

மகள் புவனாவின் கல்யாணத்துக்குத் தாய்மாமன் வந்து நின்றாக வேண்டும். மயிலாத்தாளுக்கு இருப்பதோ ஒரே அண்ணன் லட்சுமணசாமி. அவரோடு மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. சரவணம்பட்டியில் புது வீடு கட்டிக் குடிபோனபோது ஊரையே கூப்பிட்டவர், கூடப்பிறந்தவளைக் கூப்பிடவில்லை. அந்த வலி இன்னும் ஆறவில்லை. ஆனால் பெண்ணைப் பெற்றவள் ரோஷம் பார்த்தால் கல்யாணம் நடக்குமா?

புருஷன் அங்கப்பனைக் கிளப்பிக்கொண்டு சோமனூரில் பஸ் ஏறினாள். தொண்ணூற்றாறாம் வருஷத்து அக்கினி நட்சத்திரம். எங்கள் ஊர்க் காற்று போல உண்டா என்று பீற்றிக்கொள்கிற கோயமுத்தூர்க்காரர்கள் எல்லாம் அந்த வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது உச்சிப்பொழுது. கேட் திறந்திருந்தது, வாசல் கதவு சாத்தியிருந்தது. பகலில் கதவைச் சாத்தினால் வீட்டில் ஏதோ சரியில்லை என்றுதான் அவள் ஊரில் அர்த்தம். பெல்லை அமுக்கினாள். உள்ளே எங்கோ சிணுங்கியது. கதவைத் தட்டினாள். படிக்கட்டுக்குப் பக்கத்து ஜன்னலில் ஏசி பெட்டி உறுமிக்கொண்டு, உள்ளே இருந்த சூட்டையெல்லாம் வாரி அவள் முகத்தில் கொட்டியது.

“அண்ணா! ஏனுங்ணா!”

தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

“செருப்பெல்லாம் இங்கதான கெடக்குது புள்ள” என்றார் அங்கப்பன். “உள்ளார இருந்துக்கிட்டே கம்முனு இருக்கறாங்க. வா, போலாம்.”

பத்திரிகையைக் கதவிடுக்கில் சொருகிவிட்டுப் போகலாம்தான். தாய்மாமனுக்கு அப்படி வைப்பதற்கு, வைக்காமலே இருக்கலாம். தட்டில் வெற்றிலை பாக்கோடு கையில் கொடுக்க வேண்டும். திரைச்சீலை வழியே தங்களைப் பார்த்துவிட்டுத்தான் ஒளிந்துகொண்டாரோ என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை முட்டியது.

அப்போதுதான் வாசல் சுவரில் மீட்டர் பெட்டி கண்ணில் பட்டது.

வீட்டை ஒட்டிய அவள் விசைத்தறிக் கொட்டகையில் தறிகள் ஓடும்போது கத்தினால் பக்கத்துத் தறிக்காரருக்கே கேட்காது. அவசரத்துக்கு யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் மெயினை இறக்குவாள். சத்தம் நின்றதும் எல்லாத் தலையும் திரும்பும். கை பழகிய வேலை. எட்டி, கைப்பிடியை இறக்கினாள். ஏசி பெட்டி ஒரு முனகலோடு அடங்கியது.

“அடிப்பாவி, அடுத்தவங்க ஊட்டு கரண்ட்டு!”

“அடுத்தவங்க ஊடு இல்லீங்க. எங்கண்ணன் ஊடு.”

சில்லென்று இருந்த அறையில் எத்தனை நேரம்தான் புழுங்குவார்கள்? தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. லுங்கியும் துண்டுமாக லட்சுமணசாமி வெளியே வந்து, எதிர்வீட்டைப் பார்த்து, “உங்க ஊட்லயும் கரண்ட் இல்லீங்களா?” என்று கேட்டார். அப்புறம்தான் தங்கையைப் பார்த்தார்.

“மயிலு! எப்பக் கண்ணு வந்தே?”

“வந்து ஒருபாடு நேரமாச்சுங்ணா. கூப்புட்டுக் கூப்புட்டு... ஒளிஞ்சுக்கிட்டீங்கன்னு நெனச்சுப்போட்டேன். நாந்தான் மெயினை எறக்கினேன்.”

“ஏசி ஓடுனா இடி உழுந்தாலும் கேக்காது அம்மணி” என்றவர் சட்டென்று நிறுத்தினார். அவர் முகம் மாறிவிட்டது. கொதிக்கிற படியிலேயே உட்கார்ந்தார்.

“புது ஊட்டுக்கு அழைக்க நானும் இப்படித்தான் உன்ற வாசல்ல வந்து நின்னேன். இதே மாதிரி வெயிலு. கொட்டகை ஜன்னல்ல உன்ற முதுகு தெரிஞ்சுது. கூப்புட்டுப் பாத்தேன். நீ திரும்பல. பொறந்தவன் மொகத்தைப் பாக்க மனசில்லையாட்ட இருக்குதுன்னு திரும்பிட்டேன்.”

“தறிச் சத்தத்துல எப்படிங்ணா கேக்கும்? உள்ள வந்து தோளைத் தொட்டிருக்கலாமில்லீங்களா?”

“தொட்டிருக்கலாம். ரோஷம் உடல.” இறங்கிக் கிடந்த கைப்பிடியை ஒரு முறை பார்த்தார். “உன்ற மெயினை எறக்கோணும்னு எனக்குத் தோணாமப் போச்சு பாரு.”

போன மூன்று வருஷத்தை நினைத்து மயிலாத்தாள் வாய்விட்டு அழுதாள். அங்கப்பனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பையிலிருந்து தட்டை எடுத்து, வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை வைத்து அவள் கையில் திணித்தார்.

“வெத்தல வாடுது மச்சான். மொதல்ல கையில வாங்குங்க.”

லட்சுமணசாமி எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டினார்.